பத்து ரூபாய் செல்லாது, பொன் காசு செல்லும்

(முசரவாக்கத்தில் ஒரு தறி வீடு. சித்தப்பா குழித்தறியில் இருக்கிறார். மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் மகன் கைக்குட்டை முடிச்சோடு நுழைகிறான்.)

பையன்: சித்தப்பா, கும்பிட்டுக்குங்க. லட்சுமி வந்திருக்கா.

சித்தப்பா: காலையில உன் கடையில நான் நீட்டினப்ப தள்ளி விட்டியே பத்து ரூபா காசு, அந்த லட்சுமியா?

பையன்: அது டூப்ளிகேட். ரூபாய்க் குறியே இல்ல. மேல பதினஞ்சு கோடு வேற. அசல்ல பத்து கோடுதான்.

சித்தப்பா: காசுல குறி ஏறினதே 2011-ல. அதுக்கு முன்னாடி அடிச்சதுல எப்படிடா இருக்கும்? 14 டிசைனும் செல்லும்னு 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு.

பையன்: பேங்க் ஆயிரம் சொல்லும். மொத்தக் கடைக்காரன் வாங்கணுமே? அதை விடுங்க, இதைப் பாருங்க. அஞ்சு ரூபா, 2007, அலை போட்ட டிசைன். எப்படி மின்னுது பாருங்க!

சித்தப்பா: 2007-ல அது எஃகுலதானே வந்துது? வெள்ளையா இருக்கும். மஞ்சளா, நிக்கல் பித்தளையில வந்தது 2009-லேருந்துதான்.

பையன்: அங்கதான் விஷயமே! மஞ்சள் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மின்ட்ல ஒத்திகை பார்த்தாங்களாம். ஏழாயிரம் குடுத்தேன். நகைக்கடைத் தராசுல போட்டும் பார்த்துட்டேன், சரியா ஆறு கிராம்.

சித்தப்பா: எஃகுக் காசும் ஆறு கிராம்தான். அளவும் அதேதான். உனக்கு வித்தவன் விவரமானவன், தராசுக்குத் தப்புற காசாப் பார்த்து எடுத்திருக்கான்.

பையன்: நீங்க வீடியோ பார்க்கறதில்ல, அதான். அமெரிக்காவுல 1943-ல போருக்குச் செம்பு வேணும்னு ஒரு சென்ட் காசை எஃகுல அடிச்சாங்க. தப்பித் தவறி செம்புல விழுந்த சில காசு இன்னைக்கு லட்சக்கணக்கான டாலர்!

சித்தப்பா: அப்ப எஃகுக் காசுக்குச் செம்பு பூசி விக்கறவனும் அங்க இருப்பானே?

பையன்: நிறைய பேரு. அதனாலதான் முதல்ல காந்தம் வெச்சுப் பார்க்கச்... (நிறுத்துகிறான்.)

சித்தப்பா: பிரிட்ஜுல காமாட்சி அம்மன் படம் ஒட்டியிருக்கு. பின்னாடி காந்தம்தான். எடுத்துட்டு வா.

(காசு டக்கென்று அம்மன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது.)

பையன்: இரும்பு கலந்த பித்தளையா இருக்கலாம்ல?

சித்தப்பா: இருக்கலாம், நான் ஆட்டுக்குட்டியாவும் இருக்கலாம். எழுத்து ஓரத்தைப் பாரு, மெழுகு ஊத்தினாப்ல மழுங்கியிருக்கு. சந்துல இருக்கற அழுக்கு மேலயும் மஞ்சள் ஏறியிருக்கு. விளிம்புல நகம் படற இடத்துல வெள்ளை தெரியுது. மின்ட்ல வில்லை வெட்டி அப்புறம்தான் அச்சு இறங்கும். அச்சு இறங்கறதுக்கு முன்னாடி வில்லையிலயோ அச்சுலயோ இருந்த வித்தியாசம்தான் ரகம். வெளியில வந்தப்புறம் எவனோ பூசினது முலாம். ஹைதராபாத் நட்சத்திரம், நொய்டா வட்டப் புள்ளி, மும்பை வைரப் புள்ளி, ஒண்ணுமே இல்லாட்டி கொல்கத்தா. அதெல்லாம் அச்சோட வந்த அடையாளம். நீ அதையும் டூப்ளிகேட்னுதான் சொல்லுவே.

பையன்: ஆனா வாங்கறதுக்கு ஆள் ரெடி. ரிசர்வ் பேங்க்லேருந்தே போன் வந்துது. முன்பணமா வரி கட்டினா நாலு லட்சம்.

சித்தப்பா: அட! 14 டிசைன் சொன்னப்ப நம்பாத பேங்க்கை இப்ப நம்பறியா? பழைய காசுக்குக் கமிஷன், வரி எதுவும் நாங்க கேக்கறதில்லன்னு அதே பேங்க்தான் 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சது.

பையன்: (காசை வேட்டியில் துடைத்தபடி) உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

சித்தப்பா: சுத்த ஜரிகைன்னா வெள்ளி நூத்துக்கு நாற்பது, தங்கம் அரை. கீறினா உள்ள சிவப்புப் பட்டு தெரியணும். முலாம் பார்த்தே கண்ணு தேய்ஞ்சவன்டா நான்.

பையன்: இப்ப தறியில ஓடுதே, இது என்ன ஜரிகை?

சித்தப்பா: ...டெஸ்டட்.

பையன்: டெஸ்ட் வெச்சு பாஸ் ஆனதா?

சித்தப்பா: பேருதான் அது. உள்ள செம்புக் கம்பி.

பையன்: கடையில என்ன சொல்லி விப்பாங்க?

சித்தப்பா: அது கடைக்காரன் பாடு. முதலாளி நூல் குடுத்தாரு, நான் நெய்யறேன்.

பையன்: காசு வித்தவனும் இதையேதான் சொன்னான். யாரோ குடுத்தாங்க, நான் விக்கறேன்னு.

சித்தப்பா: (நாடாவைத் தள்ளியபடி) அந்தக் காமாட்சியைக் கொண்டுபோய் பிரிட்ஜுல ஒட்டு. அங்க நின்னு முறைச்சுப் பார்த்துட்டு இருக்கா.