காயாத செம்பருத்தி

படம் வரைகிறவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று சீலிங் ஃபேன், இன்னொன்று எட்டிப் பார்க்கிறவர்கள். சாதாரண அக்ரிலிக்கில் வரைந்தால் முதல் எதிரி ஜெயிப்பான். மெதுவாக உலரும் அக்ரிலிக்கில் வரைந்தால் இரண்டாம் எதிரி.

எங்கள் கூடத்துச் செம்பருத்தி, மதுரை மே மாதத்தில் சாதாரண அக்ரிலிக்கில் வரைந்தது. அதில் தண்ணீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒட்டிக்கொண்டு படலமாகிவிடும். பிறகு அசைக்க முடியாது. சிவப்பு மெல்ல இளஞ்சிவப்பாகக் குழைய வேண்டிய இதழ்களெல்லாம், அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம்போல் வரப்பு வரப்பாக நின்றன.

ஆகவே, காயத் தாமதிக்கும் வகையை வாங்கினேன். அமெரிக்காவின் கோல்டன் நிறுவனம் 2008-இல் ‘ஓபன்’ என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகையில்தான் சேரும். விலையைக் கேட்ட மனைவி, “சீக்கிரம் காயறதுக்குக் காசு கேட்டா நியாயம். காயாம இருக்கறதுக்கு இவ்வளவா?” என்றாள்.

பழைய படத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, புது வண்ணத்தை மெல்லிசாகப் பூசினேன். இதழ் ஓரங்கள் சொன்னபடி குழைந்தன. டீ குடித்துவிட்டு வந்தாலும் ஈரம் அப்படியே இருந்தது. ஈரம் இருக்கும்வரை திருத்தலாம் என்பதை வீட்டாரும் தெரிந்துகொண்டார்கள்.

முதலில் அம்மா. “செம்பருத்திக்கு அஞ்சு இதழ்டா. நாலுதானே இருக்கு?”

“அஞ்சாவது பின்னாடி இருக்கும்மா.”

“பின்னாடி இருக்கறதை யாரு பார்ப்பா? முன்னாடி கொண்டா.”

அம்மாவின் அடுத்த குறை, நிறம் வெளுத்திருக்கிறது என்பது. அக்ரிலிக்கின் பிசின் ஈரத்தில் பால்வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. அதனால் நிறம் தானாகவே அடர்ந்துவிடும் என்று விளக்கினேன். “கறுத்துப்போகும்னு தெரிஞ்சே பூசறியா?” என்றார்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு வண்டு கேட்டார். மனைவி, சோபா உறைக்குப் பொருத்தமாக இலையைக் கொஞ்சம் நீலமாக்கச் சொன்னாள். பையன் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, ரேகை வைத்துவிட்டுப் போனான். அதைத் தூரிகையால் நீவினால் மறைந்துவிடுகிறது. அந்தப் புண்ணியம் இந்த வண்ணத்துக்கு உண்டு.

இவர்களாவது ஈரப் படத்தைத் திருத்தினார்கள். பிரெஞ்சு ஓவியர் பியர் போனார், அருங்காட்சியகத்தில் மாட்டிவிட்ட தம் படத்தையே திருத்தியவர். காவலரிடம் பேச்சுக் கொடுக்க நண்பர் வுய்யாரைக் கூட்டிப்போனார் என்று கதை சொல்வார்கள். 1947-இல், சாவதற்குச் சற்றுமுன், பூத்த வாதுமை மரப் படத்தின் அடியில் ஒரு பச்சைத் திட்டு பிடிக்காமல், சகோதரி மகனைக் கொண்டு அதை மஞ்சளாக்கினார். கவனியுங்கள்: உறவுக்காரர் தூரிகையைத்தான் பிடித்தார். யோசனை சொல்லவில்லை.

பழைய பூப்படத்தைத் திருத்த நினைப்பவர்கள் இந்த வண்ணத்தைத் தாராளமாக வாங்கலாம். வார்னிஷ் அடிக்க மட்டும் ஒரு மாதம் பொறுங்கள். கூடத்தில் வைத்து வரையாதீர்கள். தாழ்ப்பாள் உள்ள அறையாகப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். டியூபைவிடத் தாழ்ப்பாள் மலிவு.