கை மட்டும் தெரிகிறது, ஐயா!

பெருமதிப்பிற்குரிய வளரும் எழுத்தாளர் விருதுக் குழுவினருக்கு,

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று தங்கள் பரிசீலனை முடிந்து திரும்பி வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘ரசிகர் எழுத்து. சிறுவர் பிரிவுக்கு அனுப்பலாம்.’ கீழே ஒரு சுருக்கொப்பம் இருக்கிறது, பெயர் இல்லை. சிறுவர் பிரிவின் விதிகளைப் புரட்டினால், கலந்துகொள்பவருக்கு வயது பதினைந்துக்கு மேல் இருக்கக் கூடாதாம். ஆக, முப்பதைத் தாண்டிய ஒருவர் காமிக்ஸ் பற்றி எழுதினால் பெரியவர் பிரிவில் அவர் சிறுவர், சிறுவர் பிரிவில் அவர் பெரியவர். இப்படியொரு விதியை யோசித்த மூளைக்குத் தனியாக ஒரு விருதே கொடுக்கலாம். தங்கள் குழுவை நினைத்தாலே காமிக்ஸ் நாயகர் இரும்புக்கை மாயாவிதான் கண்முன் வருகிறார். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். நடுவர்கள் யார், எதைப் படிப்பவர்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. கை மட்டும் தெரிகிறது, சிவப்புப் பேனாவோடு.

அந்தக் கை எழுதிய தீர்ப்பை மிகுந்த மரியாதையோடு ஆராய்ந்து பார்க்கலாம். ரசிகர் எழுத்து தாழ்ந்தது என்றால், சூப்பர் ஹீரோ என்ற இனமே பிறந்திருக்கக் கூடாது. 1933 ஜனவரியில் கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளி மாணவர் ஒருவர், தானே சைக்ளோஸ்டைல் செய்து வெளியிட்ட அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். நண்பர் படம் வரைந்தார். கதையில் வரும் சூப்பர்மேன் மொட்டைத் தலையுள்ள ஒரு வில்லன். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1938-இல், ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அதே பெயர் வேறு ஆளாகப் பறந்து வந்தது. அந்த முதல் கதையை எழுதியபோது சீகலுக்கு வயது பதினெட்டு. தங்கள் சிறுவர் பிரிவிலும் இடம் கிடைத்திருக்காது, பாவம். ராய் தாமஸ் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு ரசிகர் பத்திரிகையில் எழுதித் தள்ளியவர். 1972-இல் ஸ்டான் லீக்குப் பிறகு மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் ஆனார். 1963-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இருபதாம் இதழில் ஒரு பையனின் வாசகர் கடிதம் வந்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் நாவலாசிரியரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் முதல் கதை அச்சேறியதும் 1965-இல் ஒரு காமிக்ஸ் ரசிகர் பத்திரிகையில்தான். வாசகர் கடிதம் எழுதுவதும், அதற்கு இன்னொரு ரசிகர் மறுப்பு எழுதுவதும், அடுத்த இதழுக்குக் காத்திருப்பதும் இவர்களுக்குக் கிடைத்த எழுத்துப் பட்டறை. அங்கே கட்டணமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

‘லட்சம் ரசிகர்களில் நாலு பேரைப் பொறுக்கி எடுத்து வாதாடுகிறீரே’ என்று அந்தக் கை மேசையைத் தட்டக்கூடும். நியாயமான கேள்வி. ரசிகர் எழுத்தில் பெரும்பகுதி குப்பைதான். பேட்மேன் ஜெயிப்பாரா, சூப்பர்மேன் ஜெயிப்பாரா என்று பக்கம் பக்கமாக நடந்த சண்டைகளை யாரும் இலக்கியம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் தங்களுக்கு வந்து சேரும் கவிதைகளில் பெரும்பகுதி எப்படி இருக்கிறது என்பது தங்களுக்கே தெரியும். அதற்காகக் கவிதை எழுதும் ஒவ்வொருவரையும் மழலையர் பள்ளிக்கு அனுப்பும் விதி ஏதும் தங்கள் அறிக்கையில் இல்லை. கவிதையை ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ளுகிறீர்கள், காமிக்ஸ் எழுத்தை மொத்தமாகத் தள்ளுகிறீர்கள். கேட்பதெல்லாம் இதுதான்: எங்களையும் படித்துவிட்டுத் தள்ளுங்கள்.

ரசிகருக்கு விமர்சன நிதானம் இருக்காது, காதல் கண்ணை மறைத்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். படித்தவர்கள் சொல்வது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பேட்மேன் 1939-இல் வந்தார். பல பத்தாண்டுகள் ஒவ்வொரு கதையிலும் ‘பாப் கேன்’ என்ற ஒரே பெயர்தான் படைப்பாளியாக நின்றது. அங்கியும் காது வைத்த முகமூடியும் யாருடைய யோசனை, புரூஸ் வெய்ன் என்று பெயர் வைத்தவர் யார், முதல் கதையை எழுதியவர் யார் என்று கேட்டால் எல்லாமே பில் ஃபிங்கர் என்ற ஒருவரிடம் போய் முடியும். படைப்பாளியாக அவர் பெயர் எங்கும் இல்லை. 1965-இல் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் ஃபிங்கரோடு பேசி, அவர் பங்கு இன்னதென்று ரசிகர் பத்திரிகையில் எழுதினார். கேன் கொதித்துப்போய் மறுப்பு எழுதினார். பேட்மேனை வெளியிட்ட நிறுவனம் அசையவில்லை. ஃபிங்கர் 1974-இல், படைப்பாளி என்ற பெயர் கிடைக்காமலே இறந்தார். பிறகு மார்க் டைலர் நோபல்மன் என்ற எழுத்தாளர், அவரும் ரசிகர்தான், ஆவணங்களைத் தோண்டி, ஃபிங்கரின் பேத்தி ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்து, 2012-இல் ஒரு புத்தகம் எழுதினார். 2015-இல் நிறுவனம் இறங்கி வந்து ஃபிங்கரின் பெயரைச் சேர்க்கச் சம்மதித்தது. சைக்ளோஸ்டைல் தாளில் ஒரு ரசிகர் எழுதிய உண்மை திரைக்கு வர ஐம்பது ஆண்டுகள். இதற்குள் எத்தனை பேராசிரியர்கள், எத்தனை பத்திரிகைகள், எத்தனை விருதுக் குழுக்கள்! ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மனிதனின் உழைப்பை இன்னொருவர் பெயரில் ஆண்டுக்கணக்கில் விற்றார்கள், அதைத் திருட்டு என்று சொல்ல அந்தப் பொம்மைப் புத்தகத்தை ஆசையாகப் படித்தவர்கள்தான் வரவேண்டியிருந்தது. அவர்களைப் பார்த்துத்தான் நிதானம் இல்லை என்கிறீர்கள். ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் சிவப்பு மையால் கிறுக்குவதுதான் நிதானமா? எந்தத் தகுதியில் அந்தக் குறிப்பை எழுதினீர்கள்?

மன்னிக்க வேண்டும், மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ந்துவிட்டது. இன்னும் சற்று நேரம் பாய்ந்திருந்தால் இந்தக் கடிதத்திலும் கை மட்டும் மிஞ்சியிருக்கும். தங்கள் பெருமைக்குக் குறைவு ஒன்றும் வரவில்லை என்று நம்புகிறேன்.

சூப்பர் ஹீரோ நம் மண்ணுக்கு அந்நியம் என்று வாதிட மாட்டீர்கள் என நினைக்கிறேன். டால்ஸ்டாய் பற்றியும் மார்க்கேஸ் பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகளைத் தமிழ் இலக்கியம் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது, சரிதான். ஆனால் மாயாவி அவர்களைவிட நமக்கு அந்நியர் அல்லர். 1962-இல் லண்டனின் வேலியன்ட் வார இதழில் லூயிஸ் கிராண்டெலாகத் தொடங்கியவர், 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாகச் சிவகாசிக்கு வந்து இரும்புக்கை மாயாவி ஆனார். மாயாவியை எழுதத் தொடங்கியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் படைப்பாளிகளின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. மாயாவியைப் போலவே அவர்களும் மறைந்தே இருந்தார்கள், வரைந்த கை மட்டும் தெரிந்தது. இதைவிட வேடிக்கை, ஸ்பைடர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகனின் விவகாரம். லயன் காமிக்ஸ் 1984-இல் தொடங்கியதும் தமிழ்ப் பையன்கள் விழுந்து விழுந்து படித்த அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். சூப்பர்மேனின் உரிமையை அவரும் ஷூஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பத்து டாலர் கணக்கில் பதின்மூன்று பக்கங்கள். பின்னர் அந்த உரிமைக்காகப் பழைய நிறுவனத்தோடு மல்லுக்கட்டிய 1960-களில், பிரிட்டிஷ் இதழுக்குப் பெயர் தெரியாத எழுத்தாளராக ஸ்பைடரை எழுதினார். அந்தக் கதைகள் சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்தன. யார் எழுதியது என்று தெரியாமலே நம் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். இந்த முடிச்சைத் தமிழில் அவிழ்த்து எழுதுவது இலக்கிய வரலாறு இல்லையென்றால், இலக்கிய வரலாறு என்று தாங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல்.

படம்தானே வேலை செய்கிறது, எழுத்து எங்கே என்பது இன்னொரு கேள்வி. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த வாட்ச்மென் தொடரின் ஐந்தாம் இதழை எடுத்துப் பார்க்கலாம். அதன் முதல் பக்கத்துக் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தின் கண்ணாடிப் பிம்பம். இரண்டாம் பக்கம் கடைசிக்கு முந்தைய பக்கத்தின் பிம்பம். இப்படியே இருபுறமும் நகர்ந்து இதழின் நடுவில் சந்திக்கிறது. இந்தத் திட்டம் எழுத்து மேசையில் போடப்பட்டது. 1988-இல் அந்தத் தொடருக்கு ஹியூகோ விருது தரப்பட்டது. எந்தப் பிரிவில் வைப்பது என்று விழித்து, ‘பிற வடிவங்கள்’ என்று ஒரு பிரிவில் கொடுத்தார்கள். 1991-இல் நீல் கெய்மனின் சாண்ட்மேன் தொடரில் ஒரு கதை உலக ஃபேன்டசி விருதைச் சிறுகதைப் பிரிவிலேயே வென்றது. இப்போது அந்த விருதில் காமிக்ஸுக்குச் சிறுகதைப் பிரிவில் இடமில்லை, சிறப்பு விருது என்ற தனி அறைதான். காமிக்ஸ் எழுதியவர்களைப் பற்றி மைக்கேல் ஷேபான் எழுதிய நாவலுக்கு 2001-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது, அது முழுக்க எழுத்தாக இருந்ததால் யாருக்கும் சங்கடம் இல்லை. தங்கள் குழு தனியாக இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உலகமெங்கும் அந்தரத்தில் கைகள் மிதக்கின்றன.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பழைய பயத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் அப்படித்தான் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் விசாரணை நடந்தது, காமிக்ஸுக்குத் தணிக்கை விதி வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய கோப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபோது, பிள்ளைகள் சொன்னவற்றை அவர் வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருந்ததை கரோல் டில்லி என்ற பேராசிரியர் அம்பலப்படுத்தினார். தணிக்கை முத்திரையைப் பெரிய நிறுவனங்களில் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் 2011-இல் அதைக் கைவிட்டார்கள். தங்கள் சிவப்புப் பேனா மட்டும் பதவியில் நீடிக்கிறது.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு விருது தாருங்கள் என்று கேட்கவில்லை. அந்தத் தொகுப்பு மோசமாகக்கூட இருக்கலாம். எங்கே மோசம் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் எழுதியவர் அடுத்ததைத் திருத்தி எழுதியிருப்பார், ஒரு வாசகர் கடிதப் பகுதி செய்யும் வேலையைத் தங்கள் குழுவும் செய்ததாக இருக்கும். அடுத்த ஆண்டு அறிவிப்பில் சித்திரக்கதை எழுத்துக்கும் அதைப் பற்றிய கட்டுரைக்கும் பொதுப் பிரிவிலேயே இடம் கொடுங்கள். நடுவர்களின் பெயர்களை அச்சிடுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் முழுதாகப் படித்து முடித்த ஒரு காமிக்ஸின் பெயரையும் பக்கத்திலேயே போட்டுவிட்டால், எதை அனுப்பலாம் என்று நாங்களும் தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் சிறுவர் பிரிவிலும் வயது கடந்த ஒரு ரசிகர்