எழுபது வளைவும் ஒரு ஹெரால்டும்

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதுப்பித்து ஓட்டும் பொழுதுபோக்கு சேலம், நாமக்கல் பக்கம் சாத்தியமா?

பதில்: வெறும் சேஸிஸாக, அதாவது எஞ்சினும் சக்கரமும் மட்டும் கொண்ட இரும்புச் சட்டமாக வரும் லாரிக்குப் பாடி கட்டியே பெயர் பெற்ற நாமக்கல்லில் இக்கேள்வி எழுவது, திருநெல்வேலியில் அல்வா கிடைக்குமா என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும். அசல் ஸ்போர்ட்ஸ் கார் இங்கு அரிது என்பதால் அதன் நெருங்கிய உறவான ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடுவதே விவேகம். 1961 முதல் சென்னையில் தயாரான இக்காருக்கு மூலமான இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. சட்டமும் பாடியும் தனித்தனி என்பதால் போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைத் தூக்கிவிடலாம்; பானெட்டோ மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் சாய்ந்து, மெக்கானிக்கை டயர் மீதே உட்கார்ந்து வேலை பார்க்க விடுகிறது. துருவை வெட்டி எடுக்காமல் பட்டி பூசி மறைப்பது மட்டும் சொத்தைப் பல்லுக்குப் பவுடர் போடும் வேலையாகும்.

ஓட்டுவது வேறு கலை. பின்பக்கத்து ‘ஸ்விங் ஆக்சில்’, அதாவது நடுவில் மட்டும் மூட்டுப் பெற்றுக் கதவுபோல் மேலும் கீழும் ஆடும் அச்சு, வளைவில் வேகமாகச் சென்று சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரத்தை உள்ளே மடக்கிப் பிடிப்பை இழக்கச் செய்யும். ஆகவே ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தேறாதவர், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு அவசரப்படாதிருப்பது நலம். அப்படியே ஏறினாலும், பின்னால் ஹாரன் அடித்து வரும் அரசுப் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும்.