கம்ப்யூட்டருக்குப் பாக்கெட் உண்டா?

அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் லஞ்சம் ஒழிந்துவிடுமா?
(வாசகர், ஓசூர்)

கம்ப்யூட்டருக்குப் பாக்கெட் இல்லை. அதை இயக்குபவருக்கு உண்டே!

உங்கள் ஊரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2000-ஐ ஒட்டி, ‘பூமி’ திட்டத்தில் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றினார்கள். அதுவரை கிராமக் கணக்கரைத் தேடி அலைந்த விவசாயி, தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டி நகலை வாங்கிக்கொண்டார். கவுன்டரில் அவர் பக்கம் பார்த்தபடியும் ஒரு திரை வைத்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையில்தான் அதிகாரி எடுக்க முடியும். பின்னால் வந்த பெரிய மனிதரின் மனுவை முன்னால் இழுக்க மென்பொருள் விடாது.

ஆவணங்கள் கணினியில் ஏறிய அதே வசதி, எந்த நிலம் யாருடையது என்று நோட்டம் பார்க்கும் பெரும்புள்ளிகளுக்கும் கைகொடுத்தது என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரேஷன் கடை மெஷினில் என் பாட்டியின் ரேகை விழவில்லை. பாட்டி போலியா?
(வாசகி, திருவாரூர்)

பாட்டி அசல்! நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்து, ரேகையும் தேய்ந்துவிட்டது. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் மெஷினுக்கு அந்த உழைப்பு புரியாது.

ரேகை பதியவில்லை, நெட்வொர்க் இல்லை என்று காரணம் காட்டி யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என மத்திய அரசின் உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடையில் அதைச் சொல்லுங்கள். அரிசியை வாங்காமல் திரும்பாதீர்கள்.