மட்டாஞ்சேரி மதில்

கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்றே ஊரார் சொல்கிறார்கள். கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். கோயில் ஒன்றைக் கொள்ளையடித்த பழி தீர, 1555 வாக்கில் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அவர்கள் கட்டிக் கொடுத்தது என்பது வரலாறு. அடுத்தவர் வழிபாட்டில் கைவைத்த அயலரசு ஈடு கட்டியதற்குக் கல்லும் மரமுமாக நிற்கிற சாட்சி.

பிற நாடுகளில் மதச் சுதந்திரத்தை வளர்ப்பதை அமெரிக்கா 1998இல் சட்டமாகவே ஆக்கியது. ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது. அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையத்தினருக்கு இந்தியா விசா மறுத்ததும் உண்டு. அயலரசு சுதந்திரம் கேட்கும்போது யாருக்காகக் கேட்கிறது? இதற்கு மட்டாஞ்சேரியில் பழைய பதில் இருக்கிறது.

1653 ஜனவரி 3 அன்று தோமா கிறிஸ்தவர்கள் இங்கே கூடி, இனி போர்ச்சுகீசிய ஏசு சபையாருக்குக் கீழ்ப்படியோம் என்று சத்தியம் செய்தார்கள். எல்லோர் கையும் சிலுவைக்கு எட்டாததால் அதில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வழிவழிச் செய்தி. ஒரே கிறிஸ்துவை வணங்குபவர்கள்தான். ஆனாலும் அவரவர் வழியை லிஸ்பன் தீர்மானிப்பதை அவர்கள் ஏற்கவில்லை.

1662இல் டச்சுக்காரர்களுக்குத் துணைபோனதாகச் சொல்லி, யூதர்களின் பரதேசி ஜெபாலயத்தைப் போர்ச்சுகீசியர்கள் தாக்கி எரித்தார்கள். மறுவருடம் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். யூதர்கள் மூச்சுவிட்டார்கள், ஜெபாலயம் மீண்டும் எழுந்தது. அதே கையோடு கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். புனித பிரான்சிஸ் தேவாலயம் டச்சுச் சீர்திருத்த சபைக்குப் போனது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.

அந்த ஜெபாலயம் முதன்முதலில் எழுந்தது 1568இல். அரண்மனைக் கோயிலை ஒட்டி நிலம் கொடுத்தவர் கொச்சி மன்னர். கோயிலுக்கும் அதற்கும் ஒரே மதில். கோயில் மணியும் எபிரேய ஜெபமும் ஒன்றையொன்று கேட்கிற தூரம். இதற்காக யாரும் உடன்படிக்கை எழுதவில்லை.

அந்த மதிலுக்குள்ளும் குறை இருந்தது, மறைக்கக் கூடாது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு ஜெபாலயத்துக்குள் சம இடம் இல்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம் இருபதாம் நூற்றாண்டில் சத்தியாகிரகம் இருந்தே அந்த உரிமைக்காகப் போராடினார். எந்தத் தூதரகமும் வரவில்லை.

வெளியிலிருந்து வரும் குரலே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சிறையில் கிடக்கும் ஒருவனுக்கு அந்தக் குரல் உயிர் காக்கும். ஆனால் தன் மதத்தானுக்கும் தன் பகைவன் நாட்டுக்கும் மட்டும் திறக்கிற வாய்க்குச் சுதந்திரத்தின் பெயரைச் சொல்லத் தகுதி இல்லை. அடுத்த அறிக்கை வரும்போது, அதை எழுதியவர்கள் தங்கள் நட்பு நாடுகளைப் பற்றிச் சொல்லும் பக்கத்தை முதலில் புரட்டிப் பாருங்கள்.