டிகாஷன் நிறத்தில் கியர் ஆயில்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காருக்கு ஆறு வயது. கியர் ஆயில் கருகிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மைதானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, திருச்சி)

பதில்: வெள்ளை டிஷ்யூ தாளில் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். இந்த ஆயில் புதிதில் பெரும்பாலும் மாதுளைச் சாறு போலிருக்கும். ஓட ஓடப் பழுப்பாகும். அது வயது, நோயல்ல. டிகாஷனாகக் கறுத்து, முகர்ந்தால் அடிபிடித்த பாத்திர வாடை அடித்து, விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று பொடி தட்டுப்பட்டால் மெக்கானிக் சொன்னது சரி. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, நீல நிறத்திலும் ஆயில்கள் உண்டு. மூக்கும் விரலும் சேர்ந்து சொல்லட்டும்.

ரோஸ்மில்க் போல வந்தால் கதையே வேறு. ரேடியேட்டருக்குள் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி விட்டுப்போய் கூலன்ட் கலந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கழற்றிவிடும். அந்த வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி: எஞ்சின் ஆயில் கறுப்பதைப் பெரிதுபடுத்துவதில்லை. கியர் ஆயிலுக்கு மட்டும் ஏன் இத்தனை பதற்றம்?

பதில்: எஞ்சினுக்குள் தீ எரிகிறது, கரி வரத்தான் செய்யும். கியர்பாக்ஸுக்குள் தீயே கிடையாது. அங்கே கருகல் வாடை வந்தால் ஏதோ உரசித் தீய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற பூச்சுதான். அந்தப் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பதே ஆயிலின் அழுத்தம். ஆயில் குறைந்தாலோ நீர்த்துப்போனாலோ பிடி தளரும், பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். சூடு ஏறினால் ஆயில் இன்னும் கெடும்.

சாதாரணமாக 80, 90 டிகிரியில் வேலை செய்யும் ஆயில் இது. அதற்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏற, ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது தோராயக் கணக்கு. மேம்பாலச் சரிவில் சிக்னலுக்கு நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறோமே, அப்போது எஞ்சின் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. அந்தச் சக்தி முழுவதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத்தான் காய்ச்சுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் டி-யில் வைத்தே ஏறாதீர்கள். கீழ் கியரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: ஆயில் குறைவாக இருக்கிறது. ஒரு லிட்டர் டாப்-அப் செய்தால் போதுமா?

பதில்: அடிபிடித்த பாலில் புதுப் பாலை ஊற்றினால் வாடை போகுமா? அதோடு, இந்த ஆயில் எரிந்து குறைவதில்லை, ஒழுகித்தான் குறையும். முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: வாழ்நாள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று ஷோரூமில் சொன்னார்களே?

பதில்: யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். பல உயர்ரகக் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

கேள்வி: பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: பாதி உண்மை. மாற்றிய மறுநாளே படுக்கும் கியர்பாக்ஸ், மாற்றும் முன்பே நோயில் இருந்தது. தேய்ந்த பிளேட்டுக்குப் பழைய ஆயிலில் மிதக்கும் பொடிதான் கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். அதனால் மாற்றும் முன் ஓட்டிப் பாருங்கள். டி-யிலோ ரிவர்ஸிலோ போட்டதும் வண்டி இரண்டு விநாடி யோசிக்கிறதா? ஆர்பிஎம் முள் எகிறியும் வேகம் ஏறாமல் நிற்கிறதா? அப்படியென்றால் புது ஆயில் அதற்கு மருந்தல்ல. அந்தப் பணத்தைக் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்கல் இல்லை, கறுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் தைரியமாக மாற்றலாம். மெஷினில் அழுத்தம் கொடுத்துக் கழுவ மட்டும் விடாதீர்கள். அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளை அடைக்கக்கூடும். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்து ஊற்றுவதே நிதானமான வழி. ஆனால் எட்டு லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒருமுறைக்கு நான்கு லிட்டர்தான் வடியும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆக, முதல் தடவை பாதி புதிது, இரண்டாம் தடவை முக்கால், மூன்றாம் தடவை எண்பத்தேழு சதவீதம். இடையிடையே சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆயில் பானைக் கழற்றினால் ஃபில்டரை மாற்றிவிட்டு, உள்ளேயுள்ள காந்தத்தைக் கண்ணால் பாருங்கள். மை போல இழைந்த சாம்பல் நிறப் பசை சகஜம். நகத்தில் இடறும் இரும்புச் சீவல் இருந்தால் போல்ட்டை மறுபடி முடுக்கும் முன் நல்ல கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் செலெரியோ ஏஜிஎஸ்-ஸுக்கும் இந்தச் சிவப்பு ஆயில்தானே?

பதில்: இல்லை. 2014-ல் வந்த அந்த ஏற்பாடு, கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ். அதில் கருகல் வாடை வந்தால் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். சிவிடி, டிசிடி வண்டிகளுக்கும் தனித்தனி ஆயில். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டி. அளவை வீட்டில் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். வண்டியைச் சமதளமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது (சில டொயோட்டாக்களில் ஏறக்குறைய 40 டிகிரி) அடியிலுள்ள செக் போல்ட்டைக் கழற்றவேண்டும். ஆயில் மெல்லச் சொட்டினால் அளவு சரி. சூட்டைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். கூடினாலும் கேடுதான்: நுரைக்கும், நுரை அழுத்தம் தராது.

கேள்வி: நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கலாமா?

பதில்: கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் ஆயில் பம்ப்பும் ஓடாது. எஞ்சினோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் உள்ளே காய்ந்த நிலையில் அரைபடும். பிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள், வர இரண்டு மணி நேரம் ஆனாலும்.