கம்பனி ரயர்: ஒரு பக்கச்சுவர்க் கல்வெட்டாய்வு

கனடாத் தமிழரிடையே சமயம், அரசியல், ஊர்ச்சங்கத் தேர்தல் ஆகிய மூன்றிலும் கருத்து வேற்றுமை உண்டென்பது யாவரும் அறிந்ததே. இவற்றுக்குச் சற்றும் குறையாத நான்காவது பிணக்கொன்று இதுவரை ஆய்வாளர் கண்ணிற் படாமற் கிடக்கிறது. புதுக்கார் வாங்கும்போது கூடவே பூட்டி வரும் ‘ஓல் சீசன்’ ரயர் நல்லதா, கூடாததா என்பதே அது. “அதோடதான் இவ்வளவு வின்ரரும் ஓடினனான், ஒண்டும் நடக்கேல்லை” என்பார் ஒருவர். அதே கம்பனி, அதே பெயர், அதே அளவு ரயர் பூட்டியிருந்த இன்னொருவர், முதல் ஸ்னோவன்று சந்திச் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்த்தான் கார் நின்றது என்பார். இருவரும் கோயில் வாசலில் நின்று சொல்பவர்கள்; பொய் சொல்லும் இயல்பினர் அல்லர். பொய்யே இல்லாத இடத்தில் இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், ஸ்காபுறோவின் பலசரக்குக் கடைத் தரிப்பிடங்களும் திருமண மண்டப வெளிவாசல்களும். ஆய்வுக் காலம், நவம்பர் முற்பகுதி. மற்ற மாதங்களில் எவரும் ரயர் பேசுவதில்லை. ஆய்வு முறை, ஒருவர் பேசத் தொடங்கினால் விலகிப் போகாமல் நிற்பது. மூன்றிலும் கடினமானது இந்த மூன்றாவதே.

முதற்சான்று ரயரின் பக்கச்சுவர். இதனைப் படிக்க உருகிய பனிச்சேற்றில் முழங்காலிட வேண்டியிருப்பதால் முந்தைய அறிஞர் பலரும் தவிர்த்துவிட்டனர். சாசனம் பெரும்பாலும் ‘பி215/55ஆர்17 94வி’ என்றவாறு தொடங்கும். 215 என்பது அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீற்றரும் அங்குலமும் வீதக் கணக்கும் சண்டையில்லாமல் ஒரே வரியில் நிற்கும் வேறு சாசனம் உண்டோ அறியேன். 94 என்றால் ரயர் ஒன்று 670 கிலோ சுமக்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். மாலை ஐந்து மணிக்கு 401 நெடுஞ்சாலையில் நிற்பவருக்கு இத்தகவல் எதற்கென்பது ஆராயத்தக்கது. டிஓடி என்ற எழுத்துகளின் பின் நீளும் தொடரில் கடைசி நான்கு இலக்கமும் பிறந்த காலம்: 3623 எனின் 2023ஆம் ஆண்டின் 36ஆவது வாரம். மன்னன் பட்டமேறிய ஆண்டைத் தேடி அறிஞர் அடிபட வேண்டிய தேவையே இல்லாத கல்வெட்டு இது.

இத்தனையும் விரித்துச் சொன்ன சாசனம், ஓரமாக, அடக்கமாக, எம்+எஸ் என்று பொறித்துவிட்டு நிற்கிறது. சேறும் பனியும் என்பது அதன் விரிவு. பிணக்கின் வேர் இங்கேதான் ஓடுகிறது.

எம்+எஸ் பொறிக்கப்பட்ட ரயரைப் பனியில் ஓட்டிப் பார்த்துத்தான் பொறித்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. அமெரிக்க ரயர் உற்பத்தியாளர் சங்கத்தின் இலக்கணம் முற்றிலும் வடிவியல் சார்ந்தது: நிலத்தைத் தொடும் பரப்பில் ஏறத்தாழ காற்பங்கு வெற்றிடமாக, அதாவது தவாளிப்பாக, இருக்க வேண்டும், தவாளிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். அளவுகோலும் பொறுமையும் உள்ள எவரும் ஜூலை மாதத்தில், நிழலில் இருந்துகொண்டே, ஒரு ரயர் பனிக்குரியதா எனத் தீர்ப்பளிக்கலாம். இந்தக் குறை உணரப்பட்டதாலேயே 1999இல் மூன்று கொடுமுடி மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் கொண்ட சின்னம் வந்தது. இதற்கு உண்மையான பனியில் உண்மையான சோதனை உண்டு. இறுகிய பனியில் இழுவிசையை அளந்து, ஒப்பீட்டு ரயர் 100 எனின் இது 110ஆவது பெற வேண்டும். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வட அமெரிக்க முறையில் அளக்கப்படுவது கார் புறப்படும்போதுள்ள பிடி மட்டுமே. நிற்பதும் திரும்புவதும் பாடத்திட்டத்தில் இல்லை.

தேய்மானப் பரீட்சையின் கதை இன்னும் சுவையானது. ‘ட்ரெட்வெயார் 500’ என்று பக்கச்சுவரில் காண்கிறோமே, அந்த எண்ணுக்கான ஓட்டம் டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ என்ற ஊரைச் சுற்றி, 400 மைல் வட்டப் பாதையில், மொத்தம் 7,200 மைல் நடக்கிறது. வெயிலுக்குப் பேர்போன சமவெளி. பிறகு மதிப்பெண் போடுபவர் உற்பத்தியாளரே. முழுமையான பனி ரயர்களுக்கு இப்பரீட்சையிலிருந்து விலக்கு உண்டு. நான்கு பருவமும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ரயர்தான் பாவம், மேற்கு டெக்ஸாஸ் போய்வர வேண்டியிருக்கிறது.

வரலாறு சுருக்கமானது. 1977இல் குட்இயர் நிறுவனம் ‘டியெம்போ’ என்ற ரயரை வெளியிட்டது; இன்றைய ஓல் சீசன் குலத்துக்கு அதுவே ஆதிமுதல்வன் என்பர். அதற்கு முன் நவம்பரில் பனி ரயர் மாட்டுவதும் ஏப்ரலில் கழற்றுவதும் வட நாட்டார் கடமை. அந்தக் கடமையிலிருந்து விடுதலை தருவதாகச் சொன்னது டியெம்போ. விடுதலை முழுமையானதா என்பதில் மாகாணங்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 தொடக்கம் வின்ரர் ரயர் கட்டாயம். ஆனால் எம்+எஸ் இருந்து, தவாளிப்பு 3.5 மில்லிமீற்றருக்குக் குறையாதிருந்தால் அதையே வின்ரர் ரயராக ஏற்றுக்கொள்வார்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலையும் பனித்துகளும் இல்லாத ரயர் குற்றம். தண்டம் 200 டொலரிலிருந்து ஆரம்பம். எனவே ஒரே ரயர் வன்கூவரிலிருந்து மொன்றியலுக்குக் குடிபெயர்ந்தால் வழியில் எங்கோ அந்தஸ்து இழக்கிறது. நடுவிலுள்ள ஒன்ராறியோ எதையும் கட்டாயமாக்கவில்லை. வின்ரர் ரயர் பூட்டுபவருக்குக் கழிவு கொடுங்கள் என்று 2016 முதல் காப்புறுதிக் கம்பனிகளுக்குச் சொன்னதோடு ஒதுங்கிக்கொண்டது. கியூபெக் சட்டம் அந்த மாகாணத்தில் பதிவான கார்களுக்கே உரியது என்பதால், ஜனவரி மாத மொன்றியல் கலியாணமொன்றில் மாப்பிள்ளை வீட்டார் சட்டப்படி பனி ரயரோடும், 540 கிலோமீற்றர் ஓடிவந்த ரொறன்ரோப் பெண் வீட்டார் சட்டப்படி ஓல் சீசனோடும் ஒரே தரிப்பிடத்தில் நிற்பர். இரு வீட்டாரும் சறுக்குவது ஒரே பனியில்தான்.

இனிச் சாட்சியங்கள். கம்பனி ரயரைப் புகழ்வோர் ஒரு பள்ளி. இகழ்வோர் ஒரு பள்ளி. தம் காருக்கு ரயர் உண்டென்பதையே காற்றழுத்த விளக்கு எரியும்போதுதான் அறிபவர் மூன்றாம் பள்ளியினர். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி, ஆனால் தத்துவம் எதுவும் இவர்களிடம் இல்லை.

புகழும் பள்ளியை எடைபோட ஒரு வீட்டைக் காட்டுகிறேன். கணவனும் மனைவியும் ஓட்டுவது ஒரே கார். கணவர் காலை பத்து மணிக்குப் புறப்படுபவர். “நல்ல ரயர், ஒரு குறையும் சொல்லேலாது” என்கிறார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி விடியற்காலை நாலரைக்குக் காரை எடுப்பவர். “இவர் போறது வழிச்சு உப்புப் போட்ட ரோட்டில. வழிக்காத ரோட்டில போறது நான்” என்கிறார். நகரசபை பெருந்தெருக்களை முதலில் வழிக்கும். உள்வீதிகளின் முறை பின்னரே வரும். கணவர் புறப்படும் நேரத்தில் தார் தெரிகிறது. ஆகவே அவர் பாடிய புகழ் ரயரைச் சேராது, உப்பு லொறியைச் சேரும் என்க. மனைவியின் சாட்சியத்தை ஆய்வாளர் பலர் பதிவதே இல்லை. அவர் நவம்பர் மாதக் கலியாண வாசலில் நின்று ரயர் பேசுவதில்லை, களைத்துப்போய் உள்ளே இருக்கிறார்.

“என்ர கார் நாலு சில்லும் இழுக்கும், எனக்கு எந்த ரயரும் ஒண்டுதான்” என்றொரு கிளைப்பள்ளியும் உண்டு. நாலு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும், மறுக்கவில்லை. பிரேக்கோ எல்லாருடைய காரிலும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. இப்பள்ளியினர் பள்ளத்துக்குள் மற்றவரைவிட விரைவாகப் போய்ச் சேர்வதற்கு இதுவே காரணமாகலாம்.

இகழும் பள்ளியின் வாதம் ரப்பரைப் பற்றியது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசன் ரப்பர் விறைக்கத் தொடங்கும், பனி ரயரின் ரப்பர் நெகிழ்வாகவே இருக்கும் என்பர். எல்லைக்கோடு இவ்வளவு கூர்மையானதன்று. ஒவ்வொரு கலவைக்கும் அதனதன் இயல்பு உண்டு. போக்கு என்னவோ உண்மையே: குசினி அலுமாரியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மார்கழியில் என்ன செய்கிறது என்று பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் கடையில் வாங்கும் ஓல் சீசனுக்கும் இதே விதிதானே? கம்பனி பூட்டிய ரயரை மட்டும் தனியே திட்டுவானேன்?

இங்கே நாம் ரயரைத் தெரிந்தெடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும். காரை வாங்கியவர் அல்லர். கார் கம்பனியின் பொறியியலாளர், ரயர் கம்பனியிடம் தம் நிபந்தனைகளைக் கொடுத்துச் செய்வித்தது அது. அதன் தடயமும் பக்கச்சுவரில் உண்டு: பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஜெனரல் மோட்டார்ஸுக்கு டிபிசி என்று தொடங்கும் ஓர் எண். கடையில் அதே பெயரோடு அடுக்கியிருக்கும் ரயர் உள்ளே வேறு ரயராக இருக்கலாம். ரயர்த் தொழிலார் ‘மாய முக்கோணம்’ என்று ஒன்றைச் சொல்வர். உருளும்போது வீணாகும் சக்தி, ஈரத்தில் பிடி, ஆயுள் ஆகிய மூன்றில் ஒன்றை இழுத்தால் மற்றவை சுருங்கும். 1990களில் புகுந்த சிலிக்கா முக்கோணத்தைச் சற்றே பெரிதாக்கியது. மூலைகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. கார் கம்பனி பிடித்து இழுப்பது முதல் மூலையை. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வுச் சபையின் 2006ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உருளல் தடையைப் பத்து வீதம் குறைத்தால் எரிபொருளில் ஒன்று முதல் இரண்டு வீதம் மிச்சம். தனியொருவருக்கு அது மாதத்தில் ஒரு கோப்பிக் காசு. 1975இன் எரிசக்திச் சட்டத்துக்குப் பின் தன் கார்கள் எல்லாவற்றினதும் சராசரிக்கு அரசிடம் கணக்குக் காட்ட வேண்டிய கம்பனிக்கோ அது பெரும் பொருள். ஆகவே கம்பனி ரயர், காரின் கண்ணாடியில் ஒட்டிய எரிபொருள் எண்ணுக்காகவும், விற்பனைக் கூடத்திலிருந்து எடுத்து ஓட்டிப் பார்க்கும் அந்தச் சிறு பொழுதின் அமைதிக்காகவும் பிறந்தது. கெட்ட ரயர் அன்று. வேறொருவருக்காகச் செய்த நல்ல ரயர்.

இதனாலும் முரண் முழுதும் தீரவில்லை. ஏனெனில் இகழ்வோரின் ஆவேசம் இந்த வேறுபாட்டைவிட மிகப் பெரியது. “கம்பனி ரயரைக் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போட்டன், கார் வேற காராப் போச்சு” என்ற வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! இவ்வாக்கியத்தில் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய சொல் ‘புதுசு’. புது ரயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். 1.6க்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பனியில் பிடி என்பது பெரிதும் அந்த ஆழத்தில் இருக்கிறது: தவாளிப்புக்குள் பனி புகுந்து இறுகி, அந்தப் பனியே வீதியிலுள்ள பனியைப் பற்றிக்கொள்ளும். பாதி தேயும்போதே இந்த வித்தை மங்கிவிடும். கம்பனி ரயரைக் கழற்றுவது எப்போது? மொட்டையான பிறகு. பூட்டுவது எதை? முழு ஆழமுள்ளதை. சாகக் கிடக்கும் கிழவனையும் பதினெட்டு வயதுப் பையனையும் ஓடவிட்டு, கிழவனின் குலமே ஓடத் தெரியாத குலம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கம்பனி ரயர் புதிதாயிருந்தபோது எப்படி ஓடியது என்று கேட்டால் எவருக்கும் நினைவில்லை. அப்போது கார் புதிது, அதன் வாசனையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தேய்மானத்தை அளக்க அமெரிக்கர் ஒரு சதக் குற்றியைத் தலைகீழாகத் தவாளிப்புக்குள் செருகுவர். லிங்கனின் தலை முழுதும் தெரிந்தால் ரயர் முடிந்தது. கனடாவோ 2013இலேயே ஒரு சதக் குற்றியை விநியோகிப்பதை நிறுத்திவிட்டது. நம்மவர் பரிசோதனைகளில் அளவீடு குறைந்திருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். பழைய கம்பனி ரயருக்குப் பெரும்பாலும் இத்தனை மைல் ஓடும் என்ற உத்தரவாதம் கிடையாது, அதே பெயரில் கடையில் வாங்கியதற்கு உண்டு என்பதும் ஆவேசத்துக்கு எண்ணெய் வார்க்கிறது. கார் உத்தரவாதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனால், ரயர் எங்கள் பொறுப்பில்லை, ரயர் கம்பனியைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்தை அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

எனவே செய்ய வேண்டிய பரிசோதனை எளியது. ஒரே மாதிரிப் புதுக்கார் இரண்டு. ஒன்றில் கம்பனி ரயர், மற்றதில் கடையில் வாங்கிய புது ஓல் சீசன். வழிக்காத உள்வீதி, விடியற்காலை நாலரை, ஒரே ஓட்டுநர். இறக்கத்துக்கு ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் இடம் பார்த்தாயிற்று. கார் விற்பனையில் இருக்கும் உறவினர் ஒருவர், “தம்பி, கார் ரெண்டும் நான் தாறன், ஓடுறது ஆர் எண்டு முதல் சொல்லும்” என்றார். புகழும் பள்ளியின் மூத்தவரை அணுகினேன். அந்த நேரத்தில் தான் எழும்புவதில்லை என்றார். இகழும் பள்ளித் தலைவரோ, அந்த ரயர் பூட்டிய காரில் ஏறுவதில்லை என்று விரதம் என்றார். நாலரைக்கு எழும்பிப் பழகிய அந்த அக்காவைக் கேட்டபோது, “நான் இதைத்தானே ஒவ்வொரு நாளும் செய்யிறன், நீங்கள் வந்து பக்கத்தில இருந்து எழுதுங்கோ” என்றார். பக்கத்து ஆசனத்துக்கு ஆய்வாளர் தேவை. சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு. காப்புறுதி அவரவருடையது.